மேல் ஐந்து தந்திகள்

இருபத்திரண்டு வருடம் நான் சத்தத்தைக் குறைக்கிற வேலை பார்த்தேன். ஒரகடம் பக்கம் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். கதவுத் தகடு, தரைத் தகடு, இன்ஜின் மூடி என்று எது வந்தாலும் ரப்பர் கயிற்றில் தொங்கவிடுவோம். நுனியில் சென்சார் வைத்த ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுவோம். எந்த இடத்தில் அது அதிகமாக அதிர்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். அந்த இடத்தில் தார் கலந்த பட்டை ஒன்றை ஒட்டினால் தகடு அடங்கிவிடும். அதுதான் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் படப்பை வழியாகத் தாம்பரம் வந்து, அங்கிருந்து பைக்கில் மாடம்பாக்கம் வீட்டுக்கு வருவேன்.

என் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருடம் வீணை கற்றவள். முட்டியில் அறுவை சிகிச்சை ஆன பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனது. வீணையைத் தன் தங்கை மகளுக்குக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து ஒரு கைவினைக் கண்காட்சியில் யாழைப் பார்த்தாள். பலா மரத்தில் படகு மாதிரி குடைந்த பெட்டி, அதன் மேல் மெல்லிய மரப்பலகை, ஒரு முனையிலிருந்து வில் போல வளைந்து எழும் கொம்பு, நடுவே பதினான்கு தந்திகள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தே வாசிக்கலாம். அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெட்டிக்குப் பத்தர் என்று பெயர், கொம்புக்குக் கோடு என்று பெயர் என்று பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடத்தினாள்.

யாழின் சத்தம் சின்னச் சத்தம். ஃபேனை மூன்றில் வைத்தால் பாதி போய்விடும். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனால் முழுவதும் போய்விடும். அவள் விமானம் போகும்வரை கையைத் தந்தி மேல் வைத்துக் காத்திருந்துவிட்டுத் தொடருவாள். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம், வந்த பிறகு அரை மணி நேரம். நான் பெரும்பாலும் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நன்றாக வாசிக்கிறாள் என்று ஒருமுறைகூடச் சொன்னதாக நினைவில்லை.

காது போக ஆரம்பித்தது எப்போது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. குக்கர் விசில் எத்தனை வந்தது என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். வகுப்பில் பின் பெஞ்சுப் பிள்ளைகள் பதில் சொன்னால், பக்கத்தில் போய் நின்று திரும்பச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்தார்கள். ஒரு பெண் மட்டும் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு பதிலை நோட்டில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதுதான் அவள் முதல்முறையாக அழுதாள். மறுநாள் காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் நரம்பு பலவீனமாகிவருகிறது, போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பரிசோதனை எடுத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதை ஃபைலில் வைத்து பீரோவில் பூட்டினேன்.

மெஷின் பேச்சுக்கு உதவியது. யாழுக்கு உதவவில்லை. தகரத்தில் ஆணியைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மெஷினைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்த்தாள். சில வாரம் கழித்து யாழின் மேல் அவள் தைத்துப் போட்டிருந்த உறை எடுக்கப்படாமல் தூசி படிந்திருந்ததைப் பார்த்தேன். ஏன் வாசிப்பதில்லை என்று கேட்டேன்.

"அதுல சத்தமே வரல" என்றாள்.

இந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு வசதியாக இருந்தது. காதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மரப்பெட்டி என்றால் செய்யலாம். அதிர்வுதானே, அது என் தொழில். இத்தனை வருடம் அடக்கியதை இப்போது எழுப்ப வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. கையில் வேலை இல்லாத மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் யாழை எடுத்துக்கொண்டு இரும்புலியூருக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் மரப்பட்டறை வைத்திருந்தார். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி, பூஜை அறைக் கதவு எல்லாம் அவர் செய்தவை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். யாழை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, படகு மாறி கீது" என்றார். பிறகு பலகையை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். "மேல் பலகை தடியா கீது சார். அதான் டப்பா பேச மாட்டேங்குது."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. தந்தி தன்னளவில் காற்றை அசைப்பதில்லை. அது பலகையை இழுத்து ஆட்டுகிறது, பலகைதான் காற்றை ஆட்டுகிறது. தடித்த பலகை ஆடாது. தந்திகளைக் கழற்றி, பலகையைப் பெயர்த்தெடுத்து, பாய் உள்பக்கம் இழைப்புளி பிடித்தார். நடுவில் தந்திகள் கோத்திருக்கும் பட்டையை மட்டும் தொடாமல், இரண்டு ஓரத்தையும் மெலிதாக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து ஒரு டம்ளர் ரவை கொண்டுபோயிருந்தேன். பலகை மேல் ரவையைத் தூவி அடியில் தட்டினால், அதிரும் இடத்திலிருந்து ரவை ஓடி அதிராத இடத்தில் சேர்ந்துகொள்ளும். எங்கே இன்னும் இழைக்க வேண்டும் என்று ரவையே காட்டிவிடும். பாய்க்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

பத்தரின் பின்பக்கம் இரண்டு துளைகளைப் பெரிதாக்கினோம். பலகையை ஒட்டி, தந்தி கட்டி இழுத்தபோது யாழ் நிஜமாகவே உரக்கப் பேசியது. எதிர்ச் சாரியில் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மத்தியானம் நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் அவள் வந்ததும் மடியில் வைத்தேன். உறை இல்லாததையும், பலகையின் ஓரத்தில் புதுப் பசை பளபளப்பதையும் அவள் பார்த்தாள். கீழிருந்து மேலாக எல்லாத் தந்தியையும் ஒருமுறை மீட்டினாள். "கொஞ்சம் ஜாஸ்தியா கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நிக்க மாட்டேங்குது. டப் டப்னு செத்துப் போகுது" என்றாள்.

அவள் சொன்னது சரி. மெல்லிய பலகை தந்தியின் சக்தியை ஒரே மூச்சில் வாங்கிக் கொட்டிவிடுகிறது. உரக்கக் கேட்கும், நீண்டு நிற்காது. ரீங்காரம் வேறு, சத்தம் வேறு. வீணையில் ஊறியவளுக்கு ஒரு சுரம் நின்று தேய்வதுதான் சங்கீதம். இதையெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினால் சரியாகிவிடும் என்று மறுபடியும் இரும்புலியூருக்கு ஓடினேன். போதும் சார், இதுக்கு மேல இழைச்சா தாங்காது என்று பாய் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. தந்தியையும் ஒரு அளவு தடிப்பாக்கி, இழுப்பைக் கூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சுருதி ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்தாவது தந்தியை முறுக்கும்போது பலகை நடுப்பட்டையோடு சேர்ந்து எழும்பியது. ஒரு பெரிய சத்தம். பலகை நீளவாட்டில் பிளந்து, தந்திகள் எல்லாம் தொய்ந்து அவள் மடிப்பக்கம் விழுந்தன. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

சரிசெய்துவிடலாம், வேறு பலகை போட்டுவிடலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேனா?" என்றாள். "இதைப் பிரிங்கன்னு நான் உங்களைக் கேட்டேனா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அந்த ஒன்பது நாளில் எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. சமையலறையில் தனியாக நிற்கும்போது எப்படி இருக்கிறது, வகுப்பில் எப்படி இருக்கிறது, யாழை மடியில் வைத்து மீட்டி, அது பதில் சொல்லாதபோது எப்படி இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் நான் ரவை தூவிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்து, காது பரிசோதனைத் தாளை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

"இதை நீங்க பாக்கவே இல்லல்ல" என்றாள்.

டாக்டர்தான் பார்த்தாரே என்றேன்.

"ஆபீஸ்ல தினம் பாத்த கிராஃப்தானே இது? ஒரு தடவை பாருங்க."

பார்த்தேன். குறுக்கே சுரத்தின் உயரம், இடப்பக்கம் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி வலப்பக்கம் உச்சத்துக்குப் போகிறது. நெடுக்கே, அந்தச் சுரம் கேட்க எவ்வளவு சத்தம் தேவைப்பட்டது என்ற கணக்கு. வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இடப்பக்கத்தில் இரண்டும் மேலே நல்ல இடத்தில் இருந்தன. நடுவுக்கு வரும்போது இறங்க ஆரம்பித்து, அதற்கப்பால் படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி அடியில் போய் விழுந்திருந்தன. ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட வளைகோடுகளைப் பார்த்தவன் நான். என் மனைவியின் காது எட்டு மாதமாக என் பீரோவில் ஒரு தாளில் இருந்தது. நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் பென்சிலை எடுத்தாள். கணக்கு டீச்சர் பென்சில், கூர்மையாகச் சீவியது. யாழ் நன்றாக இருந்தபோது ஒவ்வொரு தந்திக்கும் எத்தனை அதிர்வு என்று போனில் அளந்து வைத்திருந்தாள். அந்தப் பதினான்கையும் அந்தக் கோட்டின் மேல் வரிசையாகக் குறித்தாள்.

"ஆறாவது தந்திக்கு மேல எல்லாமே இந்தப் பள்ளத்துல விழுது. நீங்க எவ்வளவு சத்தம் கூட்டினாலும் அது அங்கதான் விழும். தந்தியை இந்தப் பக்கம் தள்ளணும். முடியுமா?" என்று இடப்பக்கத்தைக் காட்டினாள்.

முடியும் என்றேன். இந்த முறை அவளும் என்னோடு இரும்புலியூருக்கு வந்தாள்.

பாய் உடைந்த பலகையை வாங்கி ஓரமாக வைத்தார். அவளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திப் பேச ஆரம்பித்தார். கத்த வேண்டாம் அண்ணா, என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள், எனக்குப் புரியும் என்றாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசும்போது வாயிலிருந்து ஆணியை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசுவார்.

சுருதியைத் தாழ்த்துவது என்றால் தந்தியைத் தளர்த்திவிட்டால் போதும் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். தளர்ந்த தந்தி கொழகொழவென்று ஆகிவிடும். தந்தி நீளமாக வேண்டும், கனமாக வேண்டும். அதனால் கொம்பை ஒரு சாண் நீளமாகப் புதிதாகச் செய்தார் பாய். கீழ்த் தந்திகளுக்கு வீணையின் மந்தரத் தந்தி போலக் கம்பி சுற்றியதை வாங்கினோம். தாழ்ந்த சுரத்துக்குப் பெட்டிக்குள் காற்று அதிகம் வேண்டும். குடைந்த பத்தரை இனி ஆழமாக்க முடியாது என்பதால், அதன் விளிம்பைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு ஒரு மரவளையம் வைத்து, அதன் மேல் புதுப் பலகை போட்டோம். பலகையை நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிதாகவும் விட்டு, அடியில் இரண்டு மெல்லிய சட்டங்கள் கொடுத்தார். பின் துளைகளில் ஒன்றை அடைத்தோம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்த முறை அவள்தான் சொன்னாள். பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைத் தட்டச் சொல்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் என்பாள், அல்லது போதும் என்பாள். இரண்டு மாதம் ஆனது. சனிக்கிழமைகளில் மட்டும்தான் அவளால் வர முடிந்தது, அவள் இல்லாமல் நாங்கள் கை வைக்கவில்லை.

தந்தி கட்டி, பலகை இழுப்புக்குப் பழகட்டும் என்று ஒரு வாரம் விட்டு, பட்டறையிலேயே சோதித்தோம். டாக்டரின் கூண்டில் செய்த மாதிரியே செய்யலாம் என்றாள். மெஷினைக் கழற்றி ஹேண்ட்பேகில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேட்டால் விரலைத் தூக்குவேன் என்றாள். பாய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினார்.

கீழ்த் தந்தியை மீட்டினேன். விரல் உடனே எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் எழுந்தது. சத்தம் முன்னைவிடப் பெரிது, கூடவே நீண்டும் நின்றது. ஒரு சுரம் முழுசாகத் தேய்ந்து முடியும்வரை அவள் விரலை இறக்கவில்லை. ஒன்பது, பத்து. பதினொன்றுக்கு விரல் கொஞ்சம் தயங்கி எழுந்தது. பன்னிரண்டுக்குப் பாதி உயரம்.

பதின்மூன்றை மீட்டினேன். விரல் எழவில்லை. மறுபடியும் கொஞ்சம் வலுவாக மீட்டினேன். பாய் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சீங்களா?" என்றாள் அவள், திரும்பாமல்.

"அடிச்சேன்" என்றேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது. எழுந்து போய் அவள் முன்னால் நின்று தலையசைத்தேன்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. "மேல கீற அந்த ரெண்டையும் கழட்டிடலாம் அக்கா. பலகைக்கும் இழுப்பு கொறையும்" என்றார்.

அவள் யாழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம் அண்ணா, இருக்கட்டும். பாட்டு அங்க போறப்ப எனக்கு கை வைக்க இடம் வேணுமில்ல" என்றாள்.

அங்கேயே, மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து கால் மணி நேரம் வாசித்தாள். ஒன்பது மாதம் கழித்து வாசிக்கிறாள். விரல்கள் இரண்டொரு இடத்தில் வழி தவறின. பாய் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. முடிந்ததும் அவள் எதிரில் போய், அவளுக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, நன்றாக வாசிக்கிறாய் என்று சொன்னேன். அவள், பழைய சுருதியில் இன்னும் நல்லா இருக்கும் என்றாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. போன வருடம் அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். வகுப்பில் கேட்காமல் நிற்பது பிள்ளைகளுக்கு நியாயமில்லை என்றாள். காலை அரை மணி இப்போது ஒரு மணி ஆகியிருக்கிறது. நான் அடுத்த அறையில் உட்காருவதில்லை.

காது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் புதுத் தாளை மேஜையில் விரித்துப் பென்சிலால் தந்திகளைக் குறிக்கிறாள். முதல் வருடம் பன்னிரண்டாவது போனது. அடுத்து பதினொன்று, பிறகு பத்து. இன்றைக்கு அவளுக்குக் கேட்பது கீழ் ஒன்பது. மேல் ஐந்து தந்திகள் எனக்கு மட்டும்தான் கேட்கின்றன. அவற்றுக்குச் சுருதி சேர்ப்பது என் வேலை. மழைக்காலத்தில் மரம் ஊறித் தந்தி நிலைகொள்ளாது, தினமும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை பேப்பரில் மூழ்கியிருந்தேன். மேல சரியா இருக்கா என்று கேட்டாள். கவனிக்காமலே சரி என்று தலையாட்டினேன். அவள் வாசிப்பை நிறுத்திவிட்டாள். "பதின்மூணு தளர்ந்திருக்கு, விரலுக்குத் தெரியுது. ஏன் சரின்னு சொன்னீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் கேட்காமல் பதில் சொன்னது கிடையாது.

இப்போதெல்லாம் பாட்டு மேலே ஏறும்போது அவள் தந்தியைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். சுரம் சரியாக விழுந்தால் தலையசைக்கிறேன், இல்லையென்றால் கையைக் காட்டுகிறேன். அவள் திரும்ப மீட்டுகிறாள். போன வாரம் ஒன்பதாவது தந்தியை மீட்டியபோதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவளுக்குக் கேட்கிற கடைசித் தந்தி அது. சுரம் சரியாகத்தான் இருந்தது. தலையசைத்தேன். அவள் மேலே வாசித்துக்கொண்டு போனாள்.